லாரி ரிம்மின் உள்பக்கத்தைச் சுத்தம் செய்வது: தண்ணீர் அடிப்பதற்கு முன்னால் ஒரு டார்ச் எடுங்கள்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். டர்பன் துறைமுகத்திலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு இரண்டு இன்டர்லிங்க் வண்டிகள், அதாவது இரண்டு டிரெய்லர்களைச் சேர்த்து இழுக்கும் லாரிகள், விட்டிருக்கிறீர்கள். ஹார்ஸில், அதாவது இழுக்கும் முன்வண்டியில், அலுமினிய ரிம், டிரெய்லர்களில் இரும்பு ரிம். வெளிப்பக்கம் பளபளவென்று இருக்கிறது, குனிந்து உள்ளே பார்த்தால் கறுப்பாக, கெட்டியாக, நகத்தால் சுரண்டினாலும் வராத அழுக்கு. வண்டி கழுவும் இடத்தில் ஒருவர், நீச்சல்குளத்துக்கு ஊற்றும் ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து அடித்தால் ஐந்து நிமிடத்தில் போய்விடும் என்றாராம். அடிக்கலாமா, சக்கரத்தைக் கழற்றித்தான் ஆக வேண்டுமா, எவ்வளவு நாளைக்கு ஒருமுறை செய்வது, இதுதான் கேள்வி.

ஆசிட் அடிக்காதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன், ஆனால் நாளைக்கே யாராவது வாளியோடு வந்து நின்றால் வேண்டாம் என்று சொல்ல இந்த ஒரு வரி போதும். சக்கரத்தை ஒவ்வொரு முறையும் கழற்ற வேண்டியதில்லை, வேறு வேலைக்காகக் கழற்றும்போது ஒழுங்காகச் செய்துகொண்டால் போதும். இந்த இரண்டையும் விட முக்கியமான ஒன்றை நீங்கள் கேட்கவில்லை. அந்த அழுக்கு சும்மா அழுக்கு இல்லை. சக்கரம் மாட்டும் நடுப்பகுதியான ஹப், பிரேக், நட், ரிம் நான்கும் எப்படி இருக்கின்றன என்பது அதில்தான் தெரியும். முதலில் தண்ணீர் அடித்துவிட்டால் அத்தனையும் ஓடிப்போய்விடும். அதனால் என் ஆட்களிடம் நான் எப்போதும் சொல்வது: முதலில் பார், அப்புறம் கழுவு.

உள்பக்கம் என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் அங்கே மூன்று இடங்கள் இருக்கின்றன, மூன்றுக்கும் வேலை வேறு. ஒன்று, பிரேக் டிரம்மைப் பார்த்து இருக்கும் பின்பக்கம். இரண்டு, இரட்டைச் சக்கரத்தில் உள் டயருக்கும் வெளி டயருக்கும் நடுவில் உள்ள இடுக்கு. மூன்று, டயருக்குள்ளேயே மறைந்திருக்கும் பக்கம், அதாவது பீட் என்று சொல்லும் டயரின் உள்விளிம்பு உட்காரும் இடமும் ரிம்மின் நடுப்பள்ளமும். கடைசியாகச் சொன்னது டயரைப் பிரித்தால்தான் கண்ணில் படும். உங்களுடைய ஏழு அச்சு வண்டி ஒன்றில் 26 டயர் என்றால் அதில் 12 உள் டயர். அந்தப் பன்னிரண்டையும் சரியாகப் பார்க்காமலே மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர்.

அழுக்கு ஏன் இப்படிக் கெட்டியாகிறது என்று தெரிந்தால் எதைப் போட்டு எடுப்பது என்பதும் தெரியும். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து என்-3 நெடுஞ்சாலை வழியாகக் கடலை நோக்கி வரும்போது வான் ரீனன் கணவாய், அப்புறம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு மேலே டவுன் ஹில், அதற்கப்புறம் கீ ரிட்ஜ் என்று வரிசையாக இறக்கம். எடை 56 டன் வரைக்கும் இருக்கும். பிரேக் பிடிக்கும்போது, டிரம்மில் அழுந்தும் லைனிங்கிலிருந்து பிசின் கலந்த தூளும் டிரம்மிலிருந்து நுண்ணிய இரும்புத் துகளும் பறக்கின்றன, அவை சூடாகவே ரிம்மின் பின்பக்கத்தில் போய் ஒட்டுகின்றன. நீண்ட இறக்கத்தில் டிரம் 200 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அந்தச் சூட்டில் ஒட்டிய தூள், டர்பன் துறைமுகத்துக்குப் போகும் பேஹெட் சாலையில் கண்டெய்னருக்காக வரிசையில் நிற்கும்போது கடல் காற்றின் உப்பையும் ஈரத்தையும் வாங்கிக்கொள்கிறது. இரும்புத் துகள் ஒட்டிய இடத்திலேயே துருப்பிடித்துப் பெயிண்டோடு பின்னிக்கொள்கிறது. அதனால்தான் வெறும் சோப்புத் தண்ணீருக்கு அது அசைவதில்லை. டோங்காட், ஸ்டேஞ்சர் பக்கம் கரும்பு ஏற்றுகிறவர்களுக்குக் கதை வேறு, அங்கே சிவப்பு மண்ணும் கரும்புத் தோகையும்தான் அதிகம். ரிச்சர்ட்ஸ் பேக்கு நிலக்கரி ஏற்றும் வண்டிகளில் எண்ணெயோடு குழைந்த கரித்தூள்.

சரி, பார்ப்பது எப்படி? வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குத் தடுப்புக் கட்டை போட்டு, சாவியை உங்கள் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, நல்ல டார்ச்சோடு கீழே போங்கள். டிரைவரிடம் சொல்லிவிட்டேன் என்பது போதாது, சாவி உங்களிடம் இருக்க வேண்டும். ஜாக்கில் தூக்கிய வண்டியாக இருந்தால் ஸ்டாண்ட் போடாமல் அடியில் போகவே கூடாது.

முதலில் நட்டுகளைப் பாருங்கள். ஒரு நட்டிலிருந்து வெளிப்பக்கமாக மெல்லிய கோடு போலத் துரு வழிந்திருந்தால் அந்த நட் தளர்ந்திருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ரிம்மும் ஹப்பும் மிகச் சின்ன அளவில் உரசி, அங்கே உண்டாகும் இரும்புத் தூள் மழைத்தண்ணீரில் நனைந்து அப்படிக் கோடாக ஓடுகிறது. அலுமினிய ரிம் என்றால் அதே இடத்தில் சாம்பல் நிறத்தில் பளபளப்பான தூள் தெரியும். வாரா வாரம் வண்டியை நன்றாகக் கழுவி அனுப்புகிறவர்களுக்கு இந்த அடையாளம் கிடைப்பதே இல்லை, சக்கரம் கழன்று ஓடும்போதுதான் தெரிகிறது. கழன்ற லாரிச் சக்கரம் எதிரே வரும் கார் மேல் மோதினால் உள்ளே இருப்பவர்கள் கதி என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது எண்ணெய். ரிம்மின் பின்பக்கம் ஹப்பிலிருந்து விளிம்பை நோக்கி ஈரமாக, கறுப்பாக, விசிறி விரித்தது போல வழிந்திருந்தால், எண்ணெய் கசியாமல் அடைக்கும் ஹப் சீல் போய்விட்டது. அந்த எண்ணெயோ கிரீஸோ ரிம்மில் மட்டும் நிற்காது, லைனிங்குக்கும் போகும். லைனிங் எண்ணெய் குடித்த சக்கரத்தில் பிரேக் பிடிக்காது, மற்றச் சக்கரங்கள் அந்த வேலையையும் சேர்த்துச் செய்து கூடுதலாகச் சூடாகும். 2013 செப்டம்பரில் பைன்டவுனில் பீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் ஒரு லாரி டாக்சிகள் மேல் ஏறி அத்தனை உயிர் போனதை நம் ஊரில் யாரும் மறக்கவில்லை. இறக்கத்தில் லாரி பிரேக் என்றால் அதுதான் எனக்கு நினைவுக்கு வரும். அதனால் எண்ணெய் கண்ட சக்கரத்தைக் கழுவி அனுப்பாதீர்கள். அன்றைக்கே பிரித்து சீல் மாற்றி, லைனிங்கையும் பார்த்த பிறகு அனுப்புங்கள். எண்ணெய் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மறுபடி போடுகிறவர்கள் உண்டு. அது சரிவராது, சூடானதும் உள்ளே இருக்கிற எண்ணெய் மறுபடி மேலே வரும்.

மூன்றாவது வெடிப்பு. இரும்பு ரிம்மில் காற்றுப் போக விட்டிருக்கும் ஓட்டைகளின் ஓரத்திலும், நட் போகும் ஓட்டைகளைச் சுற்றியும், ரிம்மின் நடுத் தட்டும் வெளி வளையமும் சேரும் வெல்டிங் கோட்டிலும் பாருங்கள். அழுக்குக்கு நடுவே கத்தியால் கீறியது போல ஒரு துருக்கோடு தெரிந்தால் அங்கே வெடிப்பு இருக்கலாம், கம்பிப் பிரஷால் அந்த இடத்தை மட்டும் தேய்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். வெடித்த ரிம்மை வெல்டிங் வைத்து ஓட்ட வேண்டாம், இரும்பானாலும் அலுமினியமானாலும். காயலான் கடைக்குப் போட வேண்டியதுதான். அலுமினிய ரிம்மில் இன்னொன்றும் உண்டு. பிரேக் இறுகியோ டயர் தீப்பிடித்தோ ரிம் அளவுக்கு மீறிச் சூடானால் அதன் பலம் போய்விடும். வார்னிஷ் கருகி, நிறம் மங்கி, டயரின் பீட் வெந்து ஒட்டியிருக்கும். அதைப் பாலிஷ் போட்டால் புதிது மாதிரி வரும், ஆனால் பலம் திரும்பி வராது. அந்த ரிம்மும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஒரு பக்கத்து ரிம் மட்டும் மற்றவற்றை விட அதிகக் கறுப்பாக இருந்தால் அந்த பிரேக் உரசிக்கொண்டே ஓடுகிறது. நேர்மாறாக, ஒரு சக்கரம் மட்டும் சுத்தமாக, தூளே இல்லாமல் இருந்தால் அங்கே பிரேக் வேலையே செய்யவில்லை. பிரேக் இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டரைப் பாருங்கள். இதையெல்லாம் கைப்பேசியில் படம் எடுத்துவைத்தால் அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்கலாம், வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் வருடாந்தர ரோட்வொர்தி சோதனைக்குப் போகும்போது திடீர் அதிர்ச்சியும் இருக்காது.

பார்த்தாகிவிட்டது என்றால் இனி கழுவலாம். வண்டி இறக்கத்திலிருந்து நேராக வந்திருந்தால் முதலில் ஆறவிடுங்கள், கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் சூடு தெரியக் கூடாது. கொதிக்கிற டிரம் மேல் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வார்ப்பிரும்பில் மயிரிழை வெடிப்புகள் விழும். மருந்தும் சூட்டில் உடனே காய்ந்து கறையாகிவிடும். டர்பன் வெயிலில் ரிம்மே தனியாகச் சூடாகும் என்பதால் காலையிலோ நிழலிலோ செய்வது நல்லது.

காய்ந்த பிரேக் தூளைக் கம்ப்ரசர் காற்றால் ஊதி எடுக்காதீர்கள். பட்டறைகளில் இதுதான் தினமும் நடக்கிறது, எனக்கு மனம் கேட்காமல் போகும் விஷயமும் இதுதான். தென்னாப்பிரிக்கா 2008-ல்தான் ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்தது. பழைய டிரெய்லரிலோ, எங்கிருந்தோ வந்த மலிவு லைனிங்கிலோ என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத தூளும் நுரையீரலுக்கு நல்லதில்லை. முதலில் மெல்லிய தண்ணீர்த் தெளிப்பால் நனைத்துவிடுங்கள், நனைந்த தூள் பறக்காது. முகமூடி, கண்ணாடி, நீண்ட ரப்பர் கையுறை மூன்றும் வேண்டும். வேலைக்கு வரும் பையன்களுக்கும் வாங்கிக் கொடுங்கள், அது உங்கள் பொறுப்பு.

சக்கரத்தைக் கழற்றாமல் கழுவும் முறை இதுதான். மண்கட்டி இருந்தால் முதலில் மரத்துண்டாலோ பிளாஸ்டிக் சுரண்டியாலோ தட்டி எடுங்கள். ரிம்மின் உள்வளைவில் ஒரு பக்கம் மட்டும் களிமண் காய்ந்து ஒட்டியிருந்தால் சக்கரத்தின் சமநிலை கெட்டு ஸ்டீயரிங் ஆடும். அலைன்மென்ட் சரியில்லை என்று நினைத்துப் பணம் கட்டியவர்கள் பலர், கடைசியில் மண்ணை எடுத்ததும் ஆட்டம் நின்றிருக்கும். அப்புறம் பட்டறைகளில் விற்கும் சாதாரண டிகிரீசரைத் தண்ணீரில் கலந்து, கீழிருந்து மேலாகத் தெளியுங்கள். மேலிருந்து தெளித்தால் வழிந்த இடமெல்லாம் கோடு விழும். ஐந்து முதல் பத்து நிமிடம் விடுங்கள், ஆனால் காயவிடாதீர்கள். வளைந்த நீளக் கைப்பிடியுள்ள நைலான் பிரஷால் தேய்த்து, இப்போது மேலிருந்து கீழாகக் கழுவி விடுங்கள். அச்சும், காற்றழுத்தத்தால் பிரேக்கை இயக்கும் பிரேக் சேம்பரும் மறைப்பதால் ஒரே நிலையில் முழு ரிம்மும் கைக்கு எட்டாது, அடியில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு வண்டியை அரைச் சுற்று நகர்த்தி மீதியைச் செய்ய வேண்டும். லேசான அழுக்குக்குப் பாத்திரம் கழுவும் சன்லைட் திரவமே போதும், வாராந்தரக் கழுவலுக்கு நான் வேறு எதுவும் வாங்குவதில்லை.

டிகிரீசர் வாங்கும்போது டப்பாவைப் படியுங்கள். காஸ்டிக் அல்லது சோடியம் ஹைட்ராக்சைடு என்று இருந்தால் அது இரும்பு ரிம்முக்கு மட்டும், அதுவும் நன்றாகக் கலந்து. அலுமினியத்தை அது தின்னும், பளபளப்பு போய் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும், அதை எடுக்க மறுபடி உப்புத்தாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஹார்ஸில் உள்ள அலுமினிய ரிம்மின் பின்பக்கத்தில் ஒட்டிய இரும்புத் துகளுக்கு இப்போது நல்ல மருந்து கிடைக்கிறது, தெளித்ததும் ஊதா நிறமாக மாறும் திரவம். அதில் உள்ள தயோகிளைகோலேட் உப்பு இரும்போடு சேர்ந்து அந்த நிறத்தைக் கொடுக்கிறது, துகளையும் கழன்று வரச் செய்கிறது. நாற்றம் குடலைப் புரட்டும், ஆனால் ஆசிட் மாதிரி உலோகத்தைத் தின்னாது. இதை இரும்பு ரிம்மில் அடித்துப் பணத்தை வீணாக்காதீர்கள், பெயிண்ட் உரிந்த இடத்தில் ரிம்மே இரும்பு என்பதால் அதுவும் ஊதாவாகத்தான் ஓடும், அழுக்கு போனதா இல்லையா என்று தெரியாது. அல்கோவாவின் டுரா-பிரைட் மாதிரி மேற்பூச்சுள்ள ரிம்மாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அதற்குப் பாலிஷ், இரும்புப் பஞ்சு, கடுமையான ஆசிட் அல்லது காஸ்டிக் எதுவும் ஆகாது, மென்மையான சோப்பும் தண்ணீரும்தான்.

பிரஷர் வாஷர் வைத்திருப்பீர்கள். டயரிலிருந்து குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடியுங்கள், சுழலும் நாசிலை டயர் பக்கம் காட்டவே வேண்டாம். டயரின் பக்கச்சுவரில் வெளியே தெரியாத சேதம் உண்டாகி, பிறகு ஓடும்போது வெடிக்கும். ஹப் சீல், ஏபிஎஸ் சென்சர், பிரேக் சேம்பரின் மூச்சுத்துளை இவற்றின் மேல் நேராக அடித்தால் தண்ணீர் உள்ளே போகும். உள்ளே போன தண்ணீர் வெளியே வராது, பேரிங்கைத் துருப்பிடிக்க வைத்துவிட்டுத்தான் தெரியும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் பேஹெட் சாலையே உடைந்து, இசிபிங்கோ பக்கம் கண்டெய்னர்கள் மிதந்து வந்தது நினைவிருக்கும். அந்த மாதிரி வெள்ளத்தில் ஹப் மூழ்கிய வண்டிக்கு வெளியே கழுவினால் போதாது, ஹப்பைத் திறந்து கிரீஸோ எண்ணெயோ மாற்றியே ஆக வேண்டும்.

இரட்டைச் சக்கரத்தின் இடுக்கில் முதலில் தேட வேண்டியது கல். டிப்பர் ஓட்டுகிறவர்களுக்கு இது தெரியும். இரண்டு டயருக்கும் நடுவே மாட்டிய கல் பக்கச்சுவரை அரைக்கும், வேகமாகப் போகும்போது தெறித்துப் பின்னால் வருகிறவர் கண்ணாடியை உடைக்கும். அதை ஸ்பேனரால் நெம்பாதீர்கள், மரக்கட்டையாலோ கயிறு கட்டியோ எடுங்கள். வரவில்லையென்றால் டயரின் காற்றைக் குறைத்து எடுப்பதுதான் பத்திரம். உள் டயரின் வால்வு நீட்டிப்புக் குழாயில் பிரஷ் மாட்டி இழுபடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கழுவி முடித்ததும் வண்டியை அப்படியே நிறுத்தாதீர்கள். மெதுவாக ஓட்டி நாலைந்து தடவை பிரேக் பிடித்து லைனிங்கைக் காயவையுங்கள். ஈரமான டிரம்மோடு பார்க்கிங் பிரேக் போட்டு இரண்டு நாள் விட்டால் லைனிங் டிரம்மோடு துருவில் ஒட்டிக்கொள்ளும், கடற்கரை ஊரில் இது இன்னும் சீக்கிரம்.

இப்போது ஆசிட் விஷயம். நீச்சல்குளத்து ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். இரும்புத் துகளை அது கரைக்கும், உண்மைதான், அதனால்தான் ஐந்து நிமிடத்தில் சுத்தமாகத் தெரிகிறது. ஆனால் அது துகளோடு நிற்காது. அலுமினியத்தில் குழி குழியாகப் பள்ளம் விழும். நட்டிலும், நட் ஏறும் போல்ட்டான ஸ்டட்டிலும் உள்ள துத்தநாகப் பூச்சைக் கரைத்துவிடும். சக்கர ஸ்டட் மிகக் கடினமான எஃகு, அதற்குள் ஆசிட்டால் ஹைட்ரஜன் நுழைந்தால் எஃகு நொறுங்கும் தன்மைக்கு வந்து முறுக்கும்போதோ ஓடும்போதோ பட்டென்று உடையும். ஆவி பட்ட இடமெல்லாம், பிரேக் குழாய் இணைப்பு, ஸ்பிரிங், எலக்ட்ரிக் வயர் முனை எல்லாம் மறுநாளே பழுப்பாகும். அந்த ஆசிட்டையும் ஜிக் மாதிரி ப்ளீச்சையும் ஒரே வாளியில் சேர்த்துவிட்டால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய இடத்தில் அது ஆளைக் கொல்லும்.

அதை விட மோசமான ஒன்று உண்டு. அலுமினியத்தைப் பளிச்சென்று ஆக்கும் என்று பெரிய கேன்களில் விற்கும் சில திரவங்களில் ஹைட்ரோபுளோரிக் அமிலமோ அம்மோனியம் பைபுளோரைடோ இருக்கிறது. நீர்த்த நிலையில் கையில் பட்டால் முதலில் எரிச்சல்கூடத் தெரியாமல் போகலாம். மணிக்கணக்கில் கழித்துத்தான் வலி ஆரம்பிக்கும், அதற்குள் அது தோலைத் தாண்டி உள்ளே போய் உடம்பின் கால்சியத்தோடு சேர்ந்து எலும்புவரை அரித்திருக்கும். கூடுதலாகப் பட்டால் இதயமே நின்றுபோகும். பட்டதும் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, கால்சியம் குளுக்கோனேட் களிம்பு போட்டு உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும், எந்தத் திரவம் என்று டாக்டரிடம் சொல்ல டப்பாவையும் எடுத்துப்போக வேண்டும். வெறும் செருப்போடு, கையுறை இல்லாமல் இதை அடிக்கிற பையன்களை வழியெல்லாம் பார்க்கிறேன். ஒரு ரிம்மின் பளபளப்புக்காக யார் பிள்ளையின் கையையும் பணயம் வைக்க நமக்கு உரிமை இல்லை. டப்பாவில் அந்தப் பெயர்கள் இருந்தால் வாங்காதீர்கள், பெயரே எழுதாத டப்பா என்றால் அதையும் வாங்காதீர்கள்.

டயர் மாற்றவோ லைனிங் மாற்றவோ சக்கரத்தைக் கழற்றும் நாள்தான் உண்மையான சுத்தம் செய்யும் நாள். கழற்றும் முன் காற்றை இறக்குங்கள். பழைய 20 அங்குல ரிம், வளையம் போட்டு டியூபோடு வருவது, இன்னும் சிலரிடம் ஓடுகிறது. அதில் நட்டைத் தொடுவதற்கு முன்பே வால்வு ஊசியைக் கழற்றி முழுக் காற்றையும் விட்டே ஆக வேண்டும், இரட்டைச் சக்கரம் என்றால் இரண்டிலும். அந்த வளையம் கழன்று பறந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

கழற்றிய ரிம்மில் மிக முக்கியமான இடம் ஹப்போடு ஒட்டும் முகம், நட்டைச் சுற்றிய வட்டம், இரட்டையில் ரிம்மும் ரிம்மும் சேரும் முகம். இவை மூன்றும் வெறும் உலோகம் தெரிகிற அளவுக்குச் சமமாகச் சுத்தமாக இருக்க வேண்டும். துருச் செதில், மண், பழைய பெயிண்ட் எது நடுவில் இருந்தாலும் நட்டை முறுக்கும்போது இறுக்கமாகத் தோன்றும், கொஞ்சதூரம் ஓடியதும் அது நசுங்கி நட் தளரும். இரும்பு ரிம்முக்கு கம்பிப் பிரஷ் அல்லது கிரைண்டரில் கம்பிச் சக்கரம் போடலாம், அரைக்கும் கல்லைப் போடாதீர்கள். அலுமினியத்துக்குக் கம்பிப் பிரஷ் ஆகாது, நைலான் தேய்ப்பான்தான். ரிம்மை மட்டும் சுத்தம் செய்துவிட்டு ஹப்பின் முகத்தையும் ஸ்டட் அடியையும் விட்டுவிடுகிறார்கள், அது பாதி வேலை.

இரும்பு ரிம்மின் பின்பக்கத்துக்குத் துரு எடுத்தபின் பெயிண்ட் அடிப்பது நல்லதுதான், கடற்கரையில் அவசியமும்கூட. ஆனால் அந்தச் சேரும் முகங்களில் தடித்த பெயிண்ட் கூடாது, 0.1 மில்லிமீட்டருக்கும் குறைவாக ஒரு மெல்லிய கோட் போதும், நன்றாகக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். வருடா வருடம் விற்பனைக்கு அழகு காட்ட ஒன்றின் மேல் ஒன்றாக அடித்த ரிம்களில் நட் நிற்பதே இல்லை. கிரீஸும் அந்த முகத்தில் கூடாது. அலுமினிய ரிம் ஹப்பில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஹப்பின் நடு விளிம்பில் மட்டும் மெல்லிசாகப் பூசலாம்.

டயருக்குள் மறையும் பக்கத்தைப் பற்றி யாருமே கேட்பதில்லை, ஆனால் மெதுவாகக் காற்று இறங்கும் தொல்லை பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. பீட் உட்காரும் இடத்தில் துருவும் பழைய ரப்பரும் சேர்ந்தால் டயர் சரியாக மூடாது. ரப்பரைச் சுரண்டி, துருவைத் தேய்த்து, வால்வு ஓட்டையைச் சுற்றியும் பார்த்து, காயவைத்து, டயர் பேஸ்ட் தடவி ஏற்றுங்கள். இங்கே பெட்ரோலோ தின்னரோ டீசலோ போட்டுத் துடைக்காதீர்கள், ஆவி உள்ளே தங்கினால் வெடிக்கும். டயர் மாட்டிய ரிம்மில், காற்று இல்லாவிட்டாலும், வெல்டிங்கோ கேஸ் சூடோ காட்டவே கூடாது, உள்ளே ரப்பர் வெந்து கிளம்பும் வாயு டயரையே குண்டாக்கிவிடும். துரு அடிக்கடி வந்தால் உங்கள் கம்ப்ரசரைப் பாருங்கள். டர்பன் ஈரக்காற்றில் அதன் தொட்டியில் தினமும் தண்ணீர் சேரும், அதை வடிக்காவிட்டால் ஒவ்வொரு டயருக்குள்ளும் தண்ணீரைத்தான் அடைக்கிறீர்கள்.

கழுவிய தண்ணீரைத் தெருவோர மழைநீர்க் கால்வாயில் விடாதீர்கள், அது நேராகத் துறைமுகத்துக்கும் கடலுக்கும்தான் போகிறது. எண்ணெய் பிரிக்கும் தொட்டி உள்ள இடத்தில் கழுவுங்கள்.

எவ்வளவு நாளைக்கு ஒருமுறை என்று கேட்டீர்கள். டார்ச் பிடித்துப் பார்ப்பது ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால். தண்ணீரால் உப்பை அலசுவது, துறைமுகத்தில் நிற்கிற வண்டிக்கு வாரம் ஒருமுறை. பிரஷ் போட்டுத் தேய்ப்பது மாதம் ஒருமுறை போதும். கரும்பு வெட்டு நடக்கிற ஏப்ரல் முதல் டிசம்பர் வரைக்கும் வயலுக்குள் போகிற வண்டிக்கு மண்கட்டியை அன்றன்றைக்கே எடுத்துவிட வேண்டும், காய்ந்தால் வேலை இரட்டிப்பு. பின்பக்கத்தைக் கண்ணாடி மாதிரி பாலிஷ் போட வேண்டுமா என்றால், வேண்டாம். வெடிப்பும் எண்ணெயும் தெரிகிற அளவுக்குச் சுத்தமாக இருந்தால் போதும்.

கழற்றிய சக்கரத்தை மாட்டும்போது நட்டுகளை எதிரெதிராக, நட்சத்திர வரிசையில் இறுக்கி, கடைசியில் எவ்வளவு இறுகியது என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முடியுங்கள். 10 ஸ்டட் உள்ள 22.5 அங்குல சக்கரத்துக்கு எம்22 நட் என்றால் வழக்கமாக 600 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்கும், உங்கள் அச்சைத் தயாரித்தவர் கொடுத்த எண்தான் கணக்கு. காற்றுத் துப்பாக்கியால் மட்டும் இறுக்கி அனுப்பாதீர்கள், அது எவ்வளவு இறுக்கியது என்று யாருக்கும் தெரியாது. புதிதாகச் சுத்தம் செய்து, பெயிண்ட் அடித்து மாட்டிய சக்கரம் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் அமரும், அதனால் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். உங்கள் வழியில் டர்பனில் கிளம்பினால் பீட்டர்மாரிட்ஸ்பர்க் சுமார் 80 கிலோமீட்டர். டிரைவரிடம் டார்க் ரெஞ்சைக் கொடுத்தனுப்பி அங்கே நிறுத்தி எல்லா நட்டையும் ஒரு சுற்றுப் பார்க்கச் சொல்லுங்கள், பார்த்ததும் உங்களுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.